கைக்கு அடங்காத வண்டி

ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகளைச் சோதித்து அவற்றின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பு வழங்கும் யூரோ என்.சி.ஏ.பி. என்ற ஸ்தாபனம், 2026-ஆம் ஆண்டுக்கென வகுத்த விதிகளில் ஒரு சிறு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், ஆபத்தில் உதவி கோரும் பொத்தான் ஆகிய ஐந்தும் கையால் தொட்டு உணரக்கூடிய தனி விசைகளாக இருக்க வேண்டும். அவற்றைக் கண்ணாடித் திரைக்குள் ஒளித்து வைக்கும் வண்டி மதிப்பெண்ணை இழக்கும் என்பதே அந்நிபந்தனை. கேட்பதற்குச் சிறிய விஷயம்தான். ஆனால் ஓடுகின்ற வண்டியில் ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு அகலலாகாது. ஆகவே கருவி கைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்ற பெரிய உண்மை அதனுள் அடங்கியிருக்கிறது. இவ்வுண்மையை நம் நாட்டில் வண்டி செய்கிறவர்களும் மறந்து வருகிறார்கள்; வாங்குகிறவர்களும் மறந்து வருகிறார்கள் என்பதே நமது புகார்.

எஸ்.யு.வி. என்று மூன்று எழுத்தில் வழங்கும் உயர்ந்த உடலமைப்புள்ள வண்டி இன்று நடுத்தரக் குடும்பங்களின் வாகனமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலேயே அத்தகைய வண்டிகள் செய்யப்பட்டு நாடெங்கும் செல்கின்றன. தாத்தாவும் பாட்டியும் பேரக் குழந்தைகளும் ஒன்றாக ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போவதும், கோடை விடுமுறையில் மலையேறுவதும் இவ்வண்டியில்தான். மூன்று தலைமுறையின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அந்தக் கை தன் முன்னே உள்ள விசைகளை அறிந்திருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

நமது நண்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்துக்கு முன் இத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். விற்பனை நிலையத்தில் மாலை போட்டார்கள், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், படம் பிடித்தார்கள். பிறகு அங்கிருந்த இளைஞர் கால் மணி நேரம் பாடம் நடத்தினார். கைப்பேசியை வண்டியோடு இணைப்பது எப்படி, கூரைக் கண்ணாடியைத் திறப்பது எப்படி, உள்ளே எரியும் வண்ண விளக்கை மாற்றுவது எப்படி என்பவையே அந்தப் பாடத்தின் சாரம். சில வாரங்களுக்குப் பின் குடும்பத்துடன் கொடைக்கானலிலிருந்து இரவில் இறங்கும்போது நல்ல மழை. உள்ளே எட்டுப் பேர் மூச்சு. முன் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்து வெண்மையாகிவிட்டது. வண்டியை ஓட்டியவர் ஒரு கையால் துண்டை எடுத்துத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரும் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஆவி படர்ந்தது. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கை மிக அருகில் கண்டபோதுதான் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒருவருக்கும் காயமில்லை, அது அவர்கள் பாக்கியம். ஏ.ஸி.யை ஓடவிட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பும் பொத்தானை அழுத்தி, உட்காற்றையே சுழற்றும் விசையை விலக்கிவிட்டால், சிறிது நேரத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். அந்தப் பொத்தான் ஓட்டியவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வண்டியுடன் வந்த புத்தகத்தில் அதன் விவரமும் இருந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஓட்டியவர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்.

இதில் யாரைக் குறை கூறுவது? விற்றவர் பாடம் சொல்லவில்லை. வாங்கியவர் பாடம் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி கூறி வாங்கியவர்மீதே பழியைப் போட்டுவிடுவது சுலபம். ஆனால் கூடமும் கோணலாகத்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சியங்கள் உண்டு.

ஸ்வீடன் தேசத்தில் மோட்டார்ப் பத்திரிகை ஒன்று 2022-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, உள்ளே உஷ்ணத்தை மாற்றுவது, ரேடியோவைத் திருப்புவது முதலிய சில சாதாரண வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். ஓட்டியவர்களுக்கு வண்டியோடு பழகிக்கொள்ள முன்னதாகவே அவகாசமும் கொடுத்திருந்தார்கள். பொத்தானும் குமிழும் உள்ள 2005-ஆம் ஆண்டு வால்வோ வண்டியில் அவ்வேலைகள் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. பெரிய திரையுள்ள ஒரு புதிய மின்சார எஸ்.யு.வி.யில் அதே வேலைகளுக்கு 44.9 விநாடிகள் பிடித்தன. வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரம், ஓட்டுபவரின் கருத்தில் பாதி திரையிலும் பாதி சாலையிலுமாகக் கழிந்தது. ஆடும் மாடும், சைக்கிளும் பள்ளிச் சிறுவரும் குறுக்கிடும் நமது சாலைகளில் அவ்வளவு தூரம் கூட வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தாலே வண்டி 33 மீட்டர் போய்விடுகிறது.

திரை மட்டுமல்ல, கைக்குப் பொய் சொல்லும் விசையும் அபாயமானது. அமெரிக்காவில் ஜீப் கிராண்ட் செரோக்கி என்னும் குடும்ப எஸ்.யு.வி.யின் 2014, 2015-ஆம் ஆண்டு வண்டிகளில் புதுவிதமான கியர் தண்டு ஒன்று வைக்கப்பட்டது. எந்தக் கியருக்குத் தள்ளினாலும், கையை எடுத்ததும் அது நடுநிலைக்கே திரும்பி வந்து நிற்கும். வண்டி எந்தக் கியரில் இருக்கிறதென்று கைக்குத் தெரியாது. சிறு விளக்கைப் பார்த்தே அறிய வேண்டும். நிறுத்தும் கியரில் போட்டுவிட்டதாக நினைத்துப் பலர் இறங்கினார்கள்; வண்டி உருண்டது. 2016 ஏப்ரலில் அத்தண்டு பொருத்தப்பட்ட சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆன்டன் யெல்ச்சின் என்ற இளம் நடிகர், லாஸ் ஏஞ்சலீஸில் தம் வீட்டுச் சரிவுப் பாதையில், தமது கிராண்ட் செரோக்கி பின்னோக்கி உருண்டு நசுக்கியதால் மாண்டார். அவருக்கு வயது 27. புதுமை என்ற பெயரால் கையின் அறிவைப் பறித்தால் நேரும் விளைவு இதுதான்.

முன்னேற்றத்துக்கு நாம் விரோதிகள் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அப்படியன்று. உயரமான இவ்வண்டிகளின் முன்மூடிக்கும் பின்கதவுக்கும் அருகே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுபவர் கண்ணுக்குப் படுவதில்லை. பின்புறக் காட்சியைத் திரையில் காட்டும் காமிரா அந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கிறது. 2019 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்னோக்கிச் செல்லும்போது எச்சரிக்கும் கருவியும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் கருவியும், மின்சாரம் நின்றாலும் கதவைக் கையால் திறக்கும் வசதியும் கட்டாயமாக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். வண்டி நின்றிருக்கும்போது செய்யும் வேலைகள் திரையில் இருக்கட்டும். ஓடும்போது செய்ய வேண்டியவை விரலுக்கு எட்டும் விசையில் இருக்கட்டும். இதுவே நமது வாதம்.

இனி வண்டியின் சொந்தக்காரர் கடமையைப் பார்ப்போம். ஜப்பானிய, கொரியக் கம்பெனிகள் நம் நாட்டில் விற்கும் வண்டிகளில் இண்டிகேட்டர் தண்டு பெரும்பாலும் ஸ்டியரிங்கின் வலப்புறம் இருக்கும். ஐரோப்பியக் கம்பெனிகளின் வண்டிகளில் இடப்புறம் இருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் திரும்பும் நேரத்தில் வைப்பரை ஆட்டுகிறது. பின்னால் வருபவருக்கோ ஒரு குறிப்பும் கிடைப்பதில்லை. சிவப்பு முக்கோணம் போட்ட அபாய விளக்கு, வண்டி பழுதாகி நிற்கும்போது பிறரை எச்சரிப்பதற்காக ஏற்பட்டது. நம்மவர்களோ நாற்சந்தியில் நேரே போவதற்கும், மழையில் ஓடும்போதும் அதைப் போடுகிறார்கள். ஒரு பக்கத்து விளக்கு மட்டும் தெரியும் நிலையில் இருப்பவர், இவர் அப்பக்கம் திரும்புகிறார் என்றே நினைப்பார்.

பிரேக்கின் விஷயமும் இப்படித்தான். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அவசரத்தில் மிதிக்கும்போது காலடியில் பெடல் படபடவென்று அதிரும். அது பழுது என்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. எடுக்கலாகாது, அழுத்திக்கொண்டே தடையை விட்டு வண்டியைத் திருப்புவதற்குத்தான் அக்கருவி இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போதோ இதற்கு நேர்மாறு: பிரேக்கையே நம்பியிருக்கலாகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்காலேயே இறங்கினால் அது காய்ந்து பிடிமானத்தை இழக்கும். கீழ்க் கியரில் இறங்க வேண்டும். தானாகக் கியர் மாறும் வண்டியிலும் கீழ்க் கியரில் நிறுத்திவைக்கும் வழி உண்டு. அதை அடிவாரத்திலேயே தெரிந்துகொள்ளாமல் மலையேறுவது அறிவீனம்.

சீட் பெல்ட்டைப்பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மத்திய சர்க்காரின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் பெல்ட் அணியாமையால் மாண்டவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநரல்லாத பிரயாணிகள். பெரிய வண்டி, விலையுயர்ந்த வண்டி, பின் ஆசனம் என்பனவெல்லாம் காப்பல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பால்கர் அருகே எஸ்.யு.வி. ஒன்றின் பின் ஆசனத்தில் பெல்ட் அணியாமல் சென்று விபத்தில் மாண்டதை நாடே கண்டது. அப்படியிருந்தும், பெல்ட் மாட்டச் சொல்லும் ஒலியை ஏமாற்றி நிறுத்துவதற்கென்று ஒரு போலிக் கொக்கி கடைகளில் விற்றது. 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிகக் கம்பெனிகள் அதை விற்கலாகாதென்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டியதாயிற்று. தன் உயிரைக் காக்கக் கூவும் ஒலியைக் காசு கொடுத்து வாயடைக்கும் ஜனங்களை வேறெங்கே காண்பது! கூரைக் கண்ணாடியைத் திறந்து குழந்தைகளை அதில் நிறுத்திக்கொண்டு போகும் பெற்றோரும் இவ்வகையினரே. ஒரு பிரேக் போதும். விளைவைச் சொல்லவும் நா கூசுகிறது. ஏர்பேக் உள்ள முன் ஆசனத்தில், பின்னோக்கி அமர்த்தும் குழந்தை ஆசனத்தை வைப்பதும் கொடிய தவறு. விரியும் பை பெரியவரைக் காக்கும், குழந்தையைக் கொல்லும்.

புது வண்டிகள் சில, முன் செல்லும் வண்டியைக் கண்டு தாமே வேகத்தைக் குறைக்கின்றன. சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்துகின்றன. இவை உதவிகள், ஓட்டுநர்கள் அல்ல. கோடு அழிந்த சாலையில் கோட்டைப் பார்க்கும் கருவி என்ன செய்யும்? உதவியாளரை எஜமானராக்கி உறங்கிவிடுபவருக்கு எக்கருவியும் துணை நில்லாது.

ஆகவே நமது யோசனைகள் இவை. வண்டிக் கம்பெனிகள், தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வண்டியுடனும் படங்களோடு கூடிய தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். சந்தை இங்கே, தொழிலாளி இங்கே, ஓட்டுபவர் இங்கே. எச்சரிக்கை மட்டும் அவருக்குத் தெரியாத பாஷையில் இருப்பது நியாயமாகாது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் அதை யார் ஓட்டப் போகிறாரோ அவரை ஆசனத்தில் அமர்த்தி, பார்க்காமல் தொட்டுச் சொல்லும் அளவுக்குப் பாடம் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் முதல் நடந்துவரும் பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில், ஐரோப்பிய விதியைப் போலவே முக்கிய விசைகளுக்கு மதிப்பெண் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான பரீட்சையில் எட்டுப் போடுவதோடு, ஆவி படர்ந்த கண்ணாடியைத் தெளிவிக்கும் விதத்தையும், அபாய விளக்கின் உபயோகத்தையும் கேட்க வேண்டும்.

சர்க்காரும் கம்பெனியும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஆசனத்தையும் கண்ணாடிகளையும் உங்கள் உயரத்துக்குத் திருத்துங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைத் தொடுங்கள்; விளக்கைத் தொடுங்கள்; ஆவி தெளிவிக்கும் பொத்தானைத் தொடுங்கள். கை தடுமாறினால், அந்த வண்டி இன்னும் உங்களுடையதாகவில்லை. பணம் கொடுத்து வாங்கியது இரும்பை மட்டுமே; பழகி அறிந்த பின்தான் அது உங்கள் வாகனமாகும். அதுவரை உங்கள் குழந்தைகளை அதில் ஏற்றி நெடும்பயணம் போகாதீர்கள்.