மண் போனால் தேசம் போகுமோ?

தேசம் என்பது யாது? நிலப்பரப்பு, ஜனத்தொகை, அரசாங்கம், சுயாதிபத்தியம் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஓர் இராஜ்யம் என்று குடிமைப் பாடத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்நான்கினுள் முதலாவதைக் கடல் கேட்கத் தொடங்கினால் மற்ற மூன்றின் கதி என்ன? பஸிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள துவாலு என்னும் சின்னஞ்சிறு நாட்டு மக்களுக்கு இது இன்று நேரிட்டிருக்கும் கேள்வி.

துவாலு என்னும் சொல்லுக்கு 'எட்டும் கூடி நிற்பது' என்று பொருள். பழங்காலந்தொட்டு மக்கள் வாழ்ந்த எட்டுத் தீவுகளோடு, பிற்காலத்தில் குடியேற்றம் பெற்ற ஒன்பதாவதையும் சேர்த்தாலும் மொத்தப் பரப்பு 10 சதுர மைலே. மக்கள் சுமார் 11,000 பேர். பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி விடுதலை பெற்றனர். நாட்டின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 15 அடிதான்.

இத்தீவுகள் பவழப் பூச்சிகள் கட்டியவை; நமது லட்சத்தீவுகளும் இவ்வினத்தனவே. எரிமலை கடலுக்குள் மெல்ல அமிழ, அதைச் சுற்றிப் பவழம் மேன்மேலும் வளர்ந்து வளையமாகிறது என்று 1842-இல் டார்வின் எழுதினார். அதைச் சோதிக்க, இன்று துவாலுவின் தலைநகராயுள்ள புனபுட்டியில் 1896 முதல் 1898 வரை இலண்டன் ராயல் சொஸைட்டியார் துளையிட்டனர். 1,114 அடி ஆழம் சென்றும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. சுண்ணாம்புக் கல்லே வந்தது. அத்தனை ஆழமும் சிற்றுயிர்களின் கைவேலை!

அக்கட்டடக்காரர்களுக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகும் கரியமில வாயு, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. அவ்வாறு மிகுந்த வெப்பத்தில் 100-க்கு 90 பங்கைக் கடலே வாங்கிக்கொள்கிறது. நீர் அளவுக்கு மேல் சூடேறினால், பவழம் தனக்கு உணவூட்டும் நுண்ணிய பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடுகிறது; வெப்பம் நீடித்தால் மடிகிறது. சூடேறிய நீர் விரிவதாலும், நிலத்துப் பனிப்பாறைகள் உருகிச் சேர்வதாலும் கடல் உயர்கிறது. துவாலுவைச் சூழ்ந்த கடல், 2023-க்கு முந்திய முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 6 அங்குலம் உயர்ந்துவிட்டது.

ஆயினும், 'மூழ்கும் தீவு' என்று இப்போதே இரங்கற்பா பாடுவது அவசரமாகும். 1971 முதல் 2014 வரையுள்ள படங்களை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், துவாலுவின் மொத்த நிலம் 100-க்கு 3 பங்கு அளவு கூடியிருப்பதாக 2018-இல் வெளியிட்டனர். அலை மணலையும் பவழத் துண்டுகளையும் கொணர்ந்து சேர்க்கிறது. ஒரு கரை தேய, மறு கரை வளர்கிறது. ஆனால் நிலம் இருப்பது வேறு, அதில் மக்கள் வாழ முடிவது வேறு. ஆறுகளே இல்லாத அந்நாட்டில் மழை நீரே குடிநீர். 2011-இல் மழை பொய்த்தபோது அரசாங்கம் அவசர நிலையைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. குழி தோண்டி, அடியில் ஊறும் நன்னீரில் பயிரிடும் புலாகா என்னும் சேம்பினக் கிழங்கின் வேரில் இப்போது உப்பு ஏறுகிறது. உலையிலிட நீரும் கிழங்கும் இல்லையேல், கரை வளர்ந்து என்ன பயன்?

2023-இல் துவாலு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலத்தைக் கடல் கொண்டாலும் தன் இராஜ்யம் என்றும் நிலைக்கும் என்று எழுதிக்கொண்டது. அவ்வாண்டே ஆஸ்திரேலியாவுடன் ஓர் உடன்படிக்கையும் செய்தது. அதன்படி ஆண்டுதோறும் 280 பேர் அங்கே சென்று குடியேறலாம். அடைக்கலம் இலவசமன்று: பிற நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு எதையும் செய்வதற்கு முன், துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். அயலார் மூட்டிய நெருப்பின் வெப்பத்துக்கு, ஏழை நாடு தன் சுதந்திரத்தில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்கிறது. அடிமைத்தனத்தின் கசப்பை அறிந்த நமக்கு இதன் பாரம் விளங்காமற் போகாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019-இல் வனுவாட்டுத் தீவிலுள்ள சர்வகலாசாலைச் சட்ட மாணவர்கள் சிலர், இவ்விஷயத்தை உலக நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று கிளம்பினர். வனுவாட்டு அரசாங்கம் அதை ஏற்று நடத்த, ஐக்கிய நாடுகள் சபை 2023-இல் இசைந்தது. 2025 ஜூலை 23-ஆம் தேதி ஹேக் நகரத்து நீதிபதிகள், சீதோஷ்ண நிலையைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை என்று அபிப்பிராயம் கூறினர். இராஜ்யத்தின் அங்கங்களுள் ஒன்று மறைவதனாலேயே அது இராஜ்யமாய் இராமற் போக வேண்டியதில்லை என்றும் உரைத்தனர்.

அது அபிப்பிராயமே, கட்டளையன்று. அலையை அது தடுத்துவிடாது. ஆனால் அந்த மாணவர்கள் குடிமைப் பாடத்தை ஏட்டோடு விட்டுவிடவில்லை. துவாலு மக்கள் வேண்டுவது நம் இரக்கத்தை அன்று. தம் மண்ணிலேயே, தம் கொடியின் கீழ் வாழும் உரிமையை. அதை அவர்களுக்கு விட்டுவைப்பதும் பறிப்பதும், அடுப்பை எரிக்கும் பெரிய தேசங்களின் கையில் இருக்கிறது.