தேடினால் கிடைக்க வேண்டும்

கூகுளில் தங்கள் பக்கம் முதலில் வர வேண்டும் என்று வியாபாரிகள் காசைக் கொட்டுகிறார்கள். அதற்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். நம் ஊர்ச் சங்கதிகளுக்கு அவ்வளவு வித்தை வேண்டாம், எழுத்து எழுத்தாக இருந்தால் போதும் என்பது என் கருத்து.

நம் ஊர்ப் பெயரில் உள்ள மதுரைத் திட்டத்தையே பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். முதலில் அவை தனி எழுத்துருக்களில் இருந்தன. தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, ஒரு வரியை இட்டால் நூலே வந்து நிற்கிறது.

நாமோ தல வரலாறு, குலதெய்வக் கதை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். அதற்குள் கூகுள் எட்டிப் பார்க்காது. நாளை பேரப்பிள்ளைகள் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இணையத்தில் எழுத்தாகவே ஏற்றுங்கள். தலைப்பை 'எங்கள் ஊர்க் கோயில்' என்று வைத்தால் யார் தேடுவார்கள்? 'திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயில்' என்று ஊரும் பேருமாக வையுங்கள். தட்டச்சு சிரமமா? போனில் வாயால் சொன்னாலே தமிழில் எழுதிக்கொள்கிறது. பிழையை மட்டும் திருத்தினால் போதும்.