மார்பை அளக்கிற டேப்பும் ஸ்டேஷன் ரிப்போர்ட்டும்

போலீஸ் வேலைக்கு என்னென்ன வேணும்னு எங்க சேரிப் பையன்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு பாஸ். பட்டியல் சாதி ஆண்களுக்கு உயரம் 167 செ.மீ. மார்பு 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரியணும். 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும். கயிறு ஏறணும். விடியக்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகினவனுக்கு இதெல்லாம் பெரிய காரியமா?

அவனை வீழ்த்துவது மைதானம் இல்லை, கடைசியில் வருகிற நடத்தை விசாரணை. 'ஆள் எப்படி?' என்று விசாரித்து எழுதுவது உள்ளூர் ஸ்டேஷன்.

அந்த ஸ்டேஷனைத் தோழர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடிபட்ட தலித் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், மறுநாளே ஆதிக்கச் சாதிக்காரனிடம் எதிர்ப்புகார் வாங்கி எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். எங்க பகுதியில் நான் பார்த்தவரை அதில் தவறாமல் இடம்பிடிப்பது படிக்கிற பையனின் பெயர்தான். அப்புறம் பேரம்: 'நீ வாபஸ் வாங்கு, உன் பையன் மேல உள்ள கேஸை முடிச்சிடறோம்.' பொய் வழக்கு போடுவதையே 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. எத்தனை பேர் மேல் அந்தப் பிரிவு பாய்ந்தது?

சரி, கோர்ட்டில் விடுதலையாகிவிட்டான். முடிந்ததா? இல்லை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 2003-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானாலும், அவன் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவானாம். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இந்த விதி செல்லும் என்றது. 'கௌரவமான விடுதலை' வேணுமாம்! அப்படியொரு சொல் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இல்லை என்று 2012-இல் ஒரு தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றமே. சட்டத்தில் இல்லாத கௌரவத்தைச் சேரிப் பையன் எங்கே போய் வாங்கி வருவான்? சமாதானம் பேசி வழக்கை முடிக்க வைப்பதும் இவர்கள்தான், அப்படி முடிந்ததாலேயே வேலை இல்லை என்பதும் இவர்கள்தான்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது படிப்புச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் நாசமாக்கப்பட்டன என்று அந்த மக்கள் சொன்னார்கள். இன்று அந்தச் சிரமமே வேண்டாம். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர் போதும்.

'நம்மை அடிக்கிற போலீசில் நாம ஏன் சேரணும்?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 18 சதவீதம் நம் உரிமை. மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தைப் பண்ணையார் வாசலிலிருந்து விலக்கி வைக்கும். அந்த உரிமையைத் தட்டிப் பறிக்கிற பேனாவைப் பற்றித்தான் பேசுகிறேன். 'குற்றவாளியைப் போலீசில் சேர்க்கலாமா?' என்பது இன்னொரு கேள்வி. தண்டனை பெற்றவனைப் பற்றியா பேசுகிறோம்? நீதிமன்றம் விடுதலை செய்தவனைப் பற்றி.

நாம் கேட்க வேண்டியது மூன்று. 2003 விளக்கத்தை நீக்கு. வன்கொடுமைப் புகாருக்குப் பின் போடப்பட்ட எதிர்வழக்கைக் கணக்கில் எடுக்காதே. நடத்தை விசாரணையை அந்த எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷனிடமே விடாதே.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயங்களைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை எடுத்துக்காட்டி வாதாடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்க ஊரில் எதிர்வழக்கில் பெயர் ஏறியவர்களின் பட்டியலை இந்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள். அமைச்சர் மேசைக்கு அந்தப் பட்டியலோடுதான் நாம் போக வேண்டும்.