மெல்லொலிக்கும் இடம் கொடுங்கள்

“மகள், சத்தத்தக் கொஞ்சம் கொறச்சி வைங்க!” எங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் குரல் கேட்காத நாளில்லை. குறைக்க வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், பெற்றோர் பலர் அறியாத ஒன்று உண்டு. இன்றைய பாடல்கள் பலவற்றில், எங்கள் விரல் படுவதற்கு முன்பே ஒலிப்பதிவுக்கூடத்தில் சத்தம் கூட்டப்பட்டுவிடுகிறது. சத்தத்தை நாம் குறைக்கலாம். அங்கே அழிக்கப்பட்ட ஏற்ற இறக்கத்தை மீட்க முடியாது. என் முறைப்பாடு அதைப் பற்றியதே. (இசை கேட்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பேசத் தகுதியானோர் வேறு இருக்கிறார்கள்.)

ஒலிக்கு உரப்பு என்றொரு பண்பு உண்டென்று விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு பாடலின் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. இறுவட்டில் அதற்கு ஏறத்தாழ 96 டெசிபெல் இடமுண்டு. பழைய இசைத்தட்டில் அவ்வளவு இருக்கவில்லை. ஆனால், இறுவட்டுக்கு ஒரு கூரையும் உண்டு. அதைத் தாண்டி எதையும் பதிய முடியாது. அப்படியானால், அடுத்தவர் பாட்டைவிட எமது பாட்டு உரத்துக் கேட்க என்ன செய்வது? ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். உயரமான பிள்ளைகளின் தலையை அழுத்திக் குட்டையானவர்களின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எல்லோரையும் வாங்கில் ஏற்றி, தலை கூரையில் முட்டும்படி நிறுத்தினால் எப்படியிருக்கும்? பாட்டிலும் அதைத்தான் செய்கிறார்கள். உரத்த இடங்களை அமுக்கி, பின்னர் முழுவதையும் உச்சத்துக்கு உயர்த்துகிறார்கள். முதலில் பலியாவது மேளத்தின் அடி. கணப்பொழுதில் எழுந்து விழும் அந்தக் கூர்முனைதான் மழுங்கிப்போகிறது.

இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்டால் சற்று உரத்ததே நல்லதுபோல் காதுக்குத் தோன்றும். வியாபாரத்துக்கு அது போதும். 1990களில் சூடுபிடித்த இந்தப் போட்டிக்கு மேலைநாடுகளில் ‘உரப்புப் போர்’ என்றே பெயர். 2008இல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ரொக் குழு ‘டெத் மக்னெட்டிக்’ தொகுப்பை வெளியிட்டது. அதே பாடல்கள் ‘கிற்றார் ஹீரோ’ என்ற விளையாட்டிலும் வந்தன. விளையாட்டில் வந்தவை தெளிவாக இருந்தன. இறுவட்டில் வந்தவை கரகரத்தன. அதை மீண்டும் கலந்து வெளியிடுமாறு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இரசிகர்கள் மனுவில் ஒப்பமிட்டார்கள். இரைச்சலுக்குப் பேர்போன இசையின் பிரியர்களே இப்படிக் கேட்ட பிறகு, சத்தத்தை விரும்புவது இளைஞர்கள்தான் என்று எப்படிச் சொல்வது?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல் 1928இல் அமைத்த ‘பொலேரோ’வைக் கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள், ஒரே தாளம். தொடக்கத்தில் ஒரு சிறு மேளம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும். வாத்தியங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, கடைசியில் இடிபோல் முடியும். அந்த ஏற்றத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

பஸ்ஸில் கேட்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். பொலேரோவின் முதல் நிமிடங்களை எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால், அமுக்கும் வேலையைக் கைத்தொலைபேசியிடமே விடலாமே! தேவையானபோது போட்டுக்கொள்ளலாம், தேவையில்லாதபோது நிறுத்தலாம். அமுக்கிப் பதிந்ததைப் பழையபடி விரித்துத் தரும் தொலைபேசி கிடையாது.

காதுக்கும் இது நல்லதல்ல. 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம்தான். கூரையில் முட்டியபடி ஓடும் பாட்டில் காது இளைப்பாற ஓர் இடமுமில்லை.

நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரத்து ஒலிக்கக் கூடாதென்று அமெரிக்காவில் 2010இல் சட்டமே இயற்றினார்கள். (எங்கள் வீட்டில் விளம்பரம் வந்தால் உம்மா ரிமோட்டைத் தேடுவார். அதுதான் எங்கள் சட்டம்.) ஸ்பொட்டிபை போன்ற செயலிகள் இப்போது எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகின்றன. உரத்துப் பதிந்த பாட்டைச் செயலி தானே தணித்துவிடுகிறது. நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் இனி யாருக்கும் இலாபமில்லை. இருந்தும் ஏன் அமுக்குகிறார்கள் என்று கேட்டால், பழகிப்போன கை என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.