வீட்டுக் கல்வி: பூச்சியத்தை மறவாதீர்



கோட்டுச்சேரிமேட்டிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் வங்கித் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்து வருகின்றனர். கடலும் வயலும் தந்த வருவாயில் மிச்சம் பிடித்துப் பெற்றோர் பயிற்சிக்குக் கட்டும் பணம் எளிதில் வந்ததன்று. அத்தேர்வுகளிலோ, தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கப்படுகிறது. ஆகவே, கணக்கில் வல்ல பிள்ளையையும் இடறச் செய்யும் ஒருவகை வினாவைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம்.

'தகவல் போதுமா?' என்பதே அவ்வினா. ஒரு கேள்வியும், அதன்கீழ் இரண்டு கூற்றுகளும் தரப்படும். விடையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. முதற் கூற்று மட்டும் போதுமா, இரண்டாங் கூற்று மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று தீர்ப்பளிக்க வேண்டும். வங்கித் தேர்வுகளில் மட்டுமன்றி, மேலாண்மைப் படிப்புக்காகப் பல நாடுகளில் எழுதப்படும் ஜிமேட் தேர்விலும் இவ்வகை வினாக்கள் உண்டு. குருமடத்தில் நாம் தருக்கவியல் பயின்றபோது, தேவையானது வேறு, போதுமானது வேறு என்று முதலிலேயே கற்பித்தார்கள். அந்தப் பாடத்தின் மற்றொரு வடிவமே இது.

இயற்கணித வடிவில் இவ்வினா வரும்போது, இடறுகல் பெரும்பாலும் ஒன்றே. தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்து பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ஒரு படகில் வந்த மீன் கூடைகளின் எண்ணிக்கை 'க'. ஏலத்தில் ஒரு கூடையின் விலை 'ம' ரூபாய். விலை என்ன என்பது கேள்வி. 'கிடைத்த மொத்தத் தொகை, கூடைக்கு 500 ரூபாய் வீதம் கணக்கிட்ட தொகைக்குச் சமம்' என்பது முதற் கூற்று. அதாவது, கம = 500க. இருபுறமும் 'க' இருப்பதைக் கண்டதும் நம் பிள்ளை அதனை அடித்துவிட்டு, விலை 500 ரூபாய், முதற் கூற்று மட்டும் போதும் என்று எழுதிவிடும்.

பொறுத்திருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்நாள்களில் விசைப்படகிலிருந்து இறங்கும் கூடைகள் எத்தனை? ஒன்றுமில்லை. கூடை இல்லையெனில் கூடைக்கு 500 ரூபாய் என்றாலும் வரவு பூச்சியம். 900 ரூபாய் என்றாலும் வரவு பூச்சியமே. கம = 500க என்னும் சமன்பாடு அன்றும் உண்மையாகவே நிற்கிறது. ஆனால் விலையைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எனவே முதற் கூற்று மட்டும் போதாது. 'அன்று ஒரு கூடையேனும் வந்தது' என்று இரண்டாங் கூற்று உரைக்குமாயின், இரண்டும் சேர்ந்து போதும்.

ஒரு எழுத்தால் இருபுறமும் வகுப்பவர், 'இது பூச்சியம் அன்று' என்று தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கொள்கிறார். பூச்சியத்தால் வகுத்தல் ஏன் கூடாது? 5-ஐப் பூச்சியத்தால் வகுத்தால் வரும் எண், பூச்சியத்தோடு பெருக்கும்போது 5-ஐத் திருப்பித் தர வேண்டும். அப்படி ஓர் எண் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலோ எந்த எண்ணை வைத்தாலும் பொருந்தும். முன்னதற்கு விடையே இல்லை. பின்னதற்கு ஒரே விடை இல்லை.

பெரியோரும் இங்கே நின்று சிந்தித்திருக்கின்றனர். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். அவை இன்றும் செல்லும். ஆனால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்ற அவர் கூற்றை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. நம் காவிரிப் படுகையிலேயே, கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சிறுவர் இராமானுஜன் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் வரலாறுகள் கூறுகின்றன. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் விளக்கினாராம். அப்படியானால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று அச்சிறுவர் வினவினாராம். தேர்வு எழுதும் பிள்ளை மனத்தில் எழவேண்டிய வினா அதுவே.

இரண்டாவது எடுத்துக்காட்டு. 'க'வின் மதிப்பு என்ன? முதற் கூற்று: க² = 3க. இரண்டாங் கூற்று: 'க' குறை எண் அன்று. வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரு புறம் கொணர்ந்து காரணிப்படுத்துங்கள். க(க − 3) = 0 என்று வரும். ஆகவே 'க' பூச்சியமாகலாம், 3-ம் ஆகலாம். இரண்டாங் கூற்று பூச்சியத்தை விலக்குகிறதா? இல்லை. பூச்சியமும் குறை எண் அன்று. இரண்டு கூற்றும் சேர்ந்தும் போதா. 'க' மிகை எண் என்று சொல்லியிருந்தால் 3 உறுதியாகும். 'குறை எண் அன்று' என்பதும் 'மிகை எண்' என்பதும் ஒன்றல்ல.

இவ்விடத்தில் காரைக்கால் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நம் மண்ணை விட்டு அகன்றது; ஆயினும் பிரான்சில் குடியேறிய உற்றார் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. அங்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள், மிகை எண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பூச்சியத்தையும் அடக்கியே கற்கின்றனர். பூச்சியத்தை நீக்க வேண்டின் 'கண்டிப்பாக' என்னும் பொருள்தரும் சொல்லை முன்னே சேர்ப்பர். இந்தியத் தேர்வுகளிலும் ஆங்கிலத்தில் நடக்கும் தேர்வுகளிலும் பூச்சியம் மிகை எண்ணும் அன்று, குறை எண்ணும் அன்று. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளும் சேர்ந்து கணக்குப் போடும்போது இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பூச்சியத்தை எண்ணி அஞ்சி, எல்லா வினாவுக்கும் 'போதாது' என்று எழுதுவதும் தவறே. கம = 12 என்று கூற்று இருப்பின், இரண்டில் எதுவும் பூச்சியமாக இயலாது; இனி எந்த எழுத்தாலும் அச்சமின்றி வகுக்கலாம். 'க', 'ம' இரண்டும் முழு எண்கள். கம இரட்டை எண்ணா என்று கேட்டு, 'க' இரட்டை எண் என்று மட்டும் தந்தால் அது போதும். பூச்சியமும் இரட்டை எண்ணே. 2-ஆல் வகுத்தால் மீதி வருவதில்லை. 'ஆம்' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தாலும், 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தாலும் தகவல் போதுமானதே. சில வேளை ஆம், சில வேளை இல்லை என்று தடுமாறினால்தான் போதாது.

ஆகவே பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள் நான்கு. எழுத்தால் வகுக்காமல் ஒரு புறம் கொணர்ந்து காரணிப்படுத்துதல். எண்ணின் தன்மையைக் கூறும் சொற்களை இருமுறை படித்தல். ஒவ்வொரு கூற்றிலும் பூச்சியத்தை வைத்துப் பார்த்தல். இரண்டாங் கூற்றைத் தனியே ஆராயும்போது முதற் கூற்றை அறவே மறந்துவிடுதல்.

இறுதியாக, இரவு உணவுக்குப் பின் வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு. 'க'வும் 'ம'வும் சமமா? முதற் கூற்று: க²ம = கம². இரண்டாங் கூற்று: 'க' பூச்சியம் அன்று. காரணிப்படுத்தினால் கம(க − ம) = 0. இரண்டாங் கூற்று 'க'வை மட்டுமே காக்கிறது. 'ம' பூச்சியமாக இருக்கத் தடையில்லை. க = 4, ம = 0 என்று வைத்துப் பாருங்கள்; இரு கூற்றும் பொருந்துகின்றன, ஆனால் எண்கள் சமமல்ல. இரண்டையும் 4 என்று வைத்தாலும் இரு கூற்றும் பொருந்துகின்றன, எண்களும் சமம். எனவே இரண்டும் சேர்ந்தும் போதா.

பெற்றோர்களே, உங்களுக்கு இயற்கணிதம் தெரியாவிடினும் குறையில்லை. பிள்ளை 'போதும்' என்று சொல்லும்போது, 'பூச்சியமாக இருந்தால்?' என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விடையைக் குறிக்குமுன் தன்னைத் தானே அப்படிக் கேட்டுக்கொள்ளப் பிள்ளை பழகிவிடும். தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு மதிப்பெண் இழக்காது.