ஐந்தாண்டுப் படிப்பும் கோபுரத்தின் செலவும்



தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம்முடைய ஜெபக் குறிப்புகளில் பெரும்பாலானவை பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றியவையே. இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்தே வழங்கும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்பது அவற்றுள் அடிக்கடி எழும் கேள்வி. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கற்பித்தார். அவர் அங்கே பேசியது சீஷத்துவத்தின் விலையைக் குறித்து. ஆயினும் அந்த ஞானம் இக்காரியத்திற்கும் பொருந்தும். ஆகவே நாமும் கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, காலக்கணக்கு. பொறியியலில் பி.டெக். நான்கு ஆண்டுகள், எம்.டெக். இரண்டு ஆண்டுகள், தனித்தனியே படித்தால் ஆறு. சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் இரட்டைப் பட்டப் படிப்பில் இவை ஐந்து ஆண்டுகளில் நிறைவேறுகின்றன. அங்கே ஓர் ஆண்டு மெய்யாகவே மிஞ்சுகிறது. கலை, அறிவியல் பாடங்களிலோ வழக்கமான முறையிலும் மூன்றும் இரண்டும் ஐந்துதான். அங்கே மிஞ்சுவது ஆண்டு அல்ல. நடுவில் மீண்டும் இடம் தேடும் அலைச்சல் மட்டுமே. அதுவும் நன்மையே. ஆனால் அதை ஓர் ஆண்டு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

இரண்டாவது, நோக்கம். 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, பின்னர் திருவனந்தபுரம், திருப்பதி முதலிய இடங்களிலும் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களில் பி.எஸ்.–எம்.எஸ். ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. அதன் இறுதி ஆண்டு ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அறிவியலை ஆழமாக ஆராய விரும்பும் பிள்ளைக்கு அது பெரிய வாய்ப்பு. இரண்டு பட்டங்கள் சீக்கிரம் கிடைக்கின்றன என்பதற்காக மட்டும் சேருகிற பிள்ளைக்கோ அது நீண்ட பாரம்.

மூன்றாவது, வெளியேறும் வாசல். இதையே நான் அதிகமாய் வற்புறுத்துகிறேன். பதினேழு வயதில் தெரிந்துகொண்ட பாடம் தனக்குரியதல்ல என்று ஒரு பிள்ளை இருபது வயதில் உணரக்கூடும். தனியாக இளநிலை முடித்த பிள்ளைக்கு அப்பொழுது கையில் ஒரு பட்டம் இருக்கும். வேறு துறைக்குத் திரும்பலாம். ஒருங்கிணைந்த படிப்பில் இடையில் பட்டம் பெற்று விலக விதி இல்லையென்றால், மூன்று ஆண்டுகளின் உழைப்புக்குப் பின்பும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே மிஞ்சும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இடையில் வெளியேறும் வழிகளைப் பரிந்துரைத்திருந்தாலும், எல்லா நிறுவனங்களிலும் எல்லாப் படிப்புகளிலும் அது ஒரே விதமாய் இல்லை. ஆகையால் கட்டணம் செலுத்துமுன் அந்த நிறுவனத்தின் விதிகளை வாங்கி வாசியுங்கள். இரண்டு பட்டங்களும் தனித்தனியே வழங்கப்படுமா, இடையில் விலகினால் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டறியுங்கள். கேட்பது அவிசுவாசம் அல்ல, விவேகம்.

நான்காவது, கடன். பொதுவாகக் கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்டாதிருக்க அவகாசம் உண்டு. ஆனால் அக்காலத்திலும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாண்டுக்கான கடன் மூன்றாண்டுக்கான கடனைவிடப் பெரியது. வட்டி வளரும் காலமும் நீண்டது. மூன்றாம் ஆண்டில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளைக்கு அந்தச் சுதந்தரத்தையும் எண்ணிப் பாருங்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் ஐந்து ஆண்டுகளை உறவினர் முன்னிலையில் சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக முடிவு செய்யாதிருங்கள். படிக்கப்போவது நீங்கள் அல்ல. பிள்ளையை அருகே அமர்த்தி, அவன் அல்லது அவள் சொல்வதை முடிவுமட்டும் கேளுங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, பாடத்தின்மேல் உங்களுக்கு உண்மையான விருப்பமும், விதிகளைக் குறித்துத் தெளிவும் இருக்குமானால் தயங்காமல் சேருங்கள். பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவருடைய தோழர்களும் மூன்று ஆண்டுகள் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். கடினமான கல்விக்கு அவர்கள் அஞ்சவில்லை. அதில் தங்களை இழந்துபோகவும் இல்லை.

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றாம் ஆண்டில் திரும்பி வருகிற பிள்ளையைப் பார்த்து “பாதியிலே விட்டுவிட்டான்” என்று பேசாதிருப்போம். தவறான வழியில் விரைவதைவிட, நின்று சரியான வழிக்குத் திரும்புவது மேலானது. அப்படித் திரும்புகிறவர்களுக்கு நம் நடுவில் இடம் இருக்கிறதென்று பிள்ளைகள் அறிந்தால், பயத்தினால் அல்ல, தெளிந்த மனதோடு தெரிந்துகொள்வார்கள்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளுக்கு ஞானத்தையும், நமக்கு அவர்களைக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வாராக. ஆமென்.