கட்டிப்போட்ட வல்லூறு வேண்டாம், கழுவெளி போதும்

பிரிட்டனில் தோலுறை மாட்டிய கையில் வல்லூறை ஏந்திப் பள்ளிக்கு வருபவர், அதைப் பறக்கவிட்டு, இறைச்சித் துண்டைக் காட்டித் திரும்ப அழைத்துப் பாடம் நடத்துவது உண்டு. வல்லூறைப் பழக்கி வேட்டையாடும் கலையை யுனெஸ்கோவும் 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிக்கவோ வளர்க்கவோ இடம் தருவதில்லை. இதனால் நம் பிள்ளைகளுக்கு எந்த நட்டமும் இல்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பள்ளிகளுக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை பக்கத்திலேயே இருக்கிறது.

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த இந்தச் சதுப்புக்குக் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி விரித்து, புல்லை உரசுவதுபோல் தாழப் பறந்து, எலியின் சலசலப்பைக் காதால் பிடித்துச் சட்டென்று கீழே பாய்வது இவற்றின் வழக்கம். எப்போது பாயும், எதை விடும், எங்கே தங்கும் என்பதையெல்லாம் இங்கேதான் பார்க்க முடியும். பழக்கிய பறவையோ நாள்தோறும் எடை பார்த்து, பசியளந்து பறக்கவிடப்படுவது. அது காட்டுவது பழக்கியவரின் திறமையை.

கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால்தானே குழந்தைக்கு வியப்பு வரும், வானத்துப் புள்ளியால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நெருக்கத்துக்குப் பறவையையே பிடித்து வர வேண்டியதில்லை. கூகை, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது அடையும் பாழடைந்த கட்டடத்தடியில் கிடைக்கும் உருண்டையைக் காயவைத்து, ஆசிரியர் துணையுடன் ஊசியால் பிரித்தால் எலியின் மண்டையோடும் மஞ்சளேறிய முன்பற்களும் வெளிவரும். நெல்லும் மணிலாவும் விளையும் மாவட்டத்தில் அந்த மண்டையோட்டுக்குப் பொருள் உண்டு. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்ற புகார் உண்மைதான். அதற்காக வயல் எலியைத் தின்னும் கூகையையும் கருந்தோள் பருந்தையும் சேர்த்து விரட்டினால் நட்டம் விவசாயிக்கே.

இன்னொரு மறுப்பு வலுவானது. டிடிடி பூச்சிக்கொல்லியால் அமெரிக்காவில் அருகிப்போன பொரி வல்லூறை மீட்டதில் வல்லூறு பழக்குவோருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களில் ஒருவரான டாம் கேட் 1970இல் தொடங்கிய அமைப்பு, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டது. 1999இல் அப்பறவை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்தக் கைத்திறன் காயமுற்ற பறவைகளைத் தேற்றும் மையங்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். அதைப் பள்ளி மேடைக் காட்சியாக்கினால், பருந்தை வீட்டில் வளர்க்கலாம் என்ற ஆசையே பிள்ளைகளிடம் மிஞ்சும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு நாள் கழுவெளிப் பயணம், பள்ளிக்கு நான்கைந்து பைனாகுலர், தமிழ்ப் பெயர்களுடன் ஒரு பறவைக் கையேடு, வழிகாட்ட ஒரு வனப் பணியாளர். கல்விச் சுற்றுலாவுக்கு ஆகும் செலவுக்குள்ளேயே இது அடங்கும். கல்வித் துறையும் வனத் துறையும் வரும் குளிர்காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.